கழுத்தில் இருந்தால் காலரில் வரும்

அந்த லாண்டரியில் எல்லாருக்கும் அவள் கறையக்காதான். முதலாளி அவளைவிட இருபது வயது மூத்தவர். அவரும் "கறையக்கா, இதைக் கொஞ்சம் பாரு" என்றுதான் கூப்பிடுவார். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

கடையின் பின்பக்கம், பெரிய மிஷின்களுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில், ஜன்னலோரமாக அவளுக்கு ஒரு மேசை. தலைக்கு மேல் ட்யூப் லைட். மேசையில் பதினோரு சின்ன பாட்டில்கள், மூன்று பிரஷ், ஒரு டப்பா நிறையப் பஞ்சு. கறை பட்ட துணி எதுவானாலும் முதலில் அங்கேதான் வரும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பாள். அப்புறம் துணிக்குச் சொந்தக்காரரின் கதையையே சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

"இவரு இடது கைக்காரரு. மை எங்க பட்டிருக்கு பாருங்க. இந்தம்மா காபிக் கப்பைக் கோபத்துல டொக்குனு வெச்சிருக்காங்க. தெறிச்சது கீழேயிருந்து மேல போயிருக்கு."

"நீ போலீஸ்ல சேர்ந்திருக்க வேண்டியவம்மா. தப்பிப்போய் இங்க வந்துட்ட" என்பார் எதிர் மேசை இஸ்திரிக்காரர்.

"போலீஸ்காரங்க சட்டையும் இங்கதான அண்ணே வருது? அவங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்."

பத்தொன்பது வயதில் முன்பக்கம் சீட்டு எழுதத்தான் வந்தாள். ஒரு நாள் ஒரு பெரியவர் வெள்ளைக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பின்பக்கம் பழுப்பாக நாலு கோடு. அப்போதிருந்த கறை எடுக்கிறவர் இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டுக் கையை விரித்துவிட்டார். கோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது இவள் சும்மா இருக்காமல், "ஐயா, எங்க உக்காந்தீங்க?" என்று கேட்டாள். பூங்காவில், புதிதாக வார்னிஷ் அடித்த பெஞ்சில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். வார்னிஷ் என்று தெரிந்த பிறகு கால் மணி நேர வேலை. ரெண்டு நாளாக ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்! அடுத்த மாதமே அவள் பின்பக்க மேசைக்கு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவளிடம் மூன்று கேள்விகள் உண்டு. என்ன பட்டது? எப்போது பட்டது? அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? மூன்றாவதில்தான் ஜனங்கள் பொய் சொல்வார்கள். "ஒண்ணுமே பண்ணலம்மா" என்பார்கள். துணியை முகர்ந்தால் எலுமிச்சை, உப்பு, பற்பசை எல்லாம் அடிக்கும். கேள்வி மூன்று, சட்டம் ஒன்று: தேய்க்காதே, ஒற்று. தேய்த்தால் கறை போகிறதோ இல்லையோ, நூல் செத்துப்போகும். செத்த நூலுக்கு மருந்து இல்லை. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பிரஷ்ஷை எடுத்துப் பரபரவென்று தேய்த்தால் புறங்கையில் பட்டென்று ஒன்று வைப்பாள்.

இவ்வளவு கெட்டிக்காரி வீட்டில் என்ன செய்தாள் என்பதுதான் விஷயம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவளுக்குத் தன் மகளின் கழுத்து தெரியவில்லை.

மகளுக்குப் பத்து வயது. வீட்டில் வாலு என்று பெயர். வாய் ஓயாது, அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அம்மா, பல்லிக்கு ஏன் வேர்க்கறதில்ல?" என்று கேட்கிற ரகம். தாயைப் போல பிள்ளை. கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு. தினமும் காலையில் அவளை முன்னால் உட்காரவைத்து இரட்டைப் பின்னல் போட்டுவிடுவது கறையக்காவின் வழக்கம். லாண்டரி, பள்ளிக்கூடம், சமையல், பஸ் ஓட்டப் போகும் அப்பா என்று ஆளுக்கொரு திசையில் பறக்கிற வீட்டில், அம்மாவும் மகளும் உட்கார்ந்து பேச அந்தக் கால் மணி நேரம்தான்.

பின்னல் போடும்போது கழுத்தின் பின்பக்கம் கொஞ்சம் மங்கலாக இருப்பதை அவள் பார்த்திருந்தாள். வெயிலில் ஆடுகிறாள், சரியாகக் குளிப்பதில்லை என்று நினைத்து விட்டுவிட்டாள். வினை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் வந்தது.

அன்று நாத்தனார் வந்திருந்தார், வீட்டுக்காரரின் அக்கா. ஒரு பெரிய ஓட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. நிமிர்ந்த நடை, நறுக்கென்ற பேச்சு, கழுத்தில் எப்போதும் ஒரு பட்டு ஸ்கார்ஃப். வேலை நாள், விடுமுறை நாள் என்ற பேதமே இல்லை. அந்த ஸ்கார்ஃப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மாதம் ஒருமுறை ஆறேழு ஸ்கார்ஃபை லாண்டரிக்கு அனுப்புவார். கழுத்துப் படுகிற இடத்தில் பவுடர் பாளம் பாளமாக அப்பியிருக்கும். ஓட்டல் வேலைக்கு மேக்கப் இல்லாமல் முடியுமா என்று கறையக்கா பேசாமல் எடுத்துக் கொடுத்துவிடுவாள். சொந்தக்காரர்கள் துணிக்கு மூன்று கேள்வி கேட்பதில்லை. அது அவள் வைத்திருந்த மரியாதை.

வாலு குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் பார்வை அவள் கழுத்தில் விழுந்தது.

"என்னம்மா இது? ஊர்த்துணியெல்லாம் வெளுக்கற. பெத்த பொண்ணு கழுத்துல இவ்வளவு அழுக்கா?"

மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்காரரும், நிலைமை தெரியாமல், சிரித்து வைத்தார். கறையக்காவுக்கு மூஞ்சி செத்துவிட்டது. அவளுடைய தொழிலையே பிடித்து அடித்தாயிற்று. வாலு கையை எடுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பட்ட காலிலே படும் என்கிற மாதிரி, அதே வாரம் பள்ளி டயரியில் வகுப்பு டீச்சர் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்: "மாணவியைச் சுத்தமாகக் குளிக்க வைத்து அனுப்பவும்."

அன்றைக்கே ஆரம்பித்தது யுத்தம். முதலில் நார். அப்புறம் எலுமிச்சையும் உப்பும். அப்புறம் சமையல் சோடா. கடைசியில் பாதம் தேய்க்கிற கல். கேள்வி இல்லை, சோதனை இல்லை, ஒற்றல் இல்லை. குளியலறையில் குழந்தையை நிற்கவைத்து, ஒரு கையால் தலையை அமுக்கி, மறு கையால் தேய் தேய் என்று தேய்த்தாள். ஒரு வேலைக்காரி இப்படித் தேய்த்திருந்தால் அவளை அன்றே கடையை விட்டு அனுப்பியிருப்பாள்.

"எரியுதும்மா, விடும்மா!"

"கொஞ்சம் பொறுத்துக்கோ. இந்த ஊர்ல எங்கிட்டப் போகாத கறையே கிடையாது. உன் கழுத்து மட்டும் என்ன கொம்பா?"

கழுத்து சிவந்தது. சிவப்பு அடங்கியதும் பழைய கறுப்பு, அதே இடத்தில், இன்னும் கொஞ்சம் சொரசொரப்போடு நின்றது. அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி தேய்த்தாள்.

மூன்று வாரம். நாலாவது வாரம் வாலு அழுவதை நிறுத்திவிட்டாள். சத்தமில்லாமல் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். காலையில் பின்னலுக்குக் கூப்பிட்டால், "நானே கட்டிக்கறேன்" என்றாள். கட்டுவதும் இல்லை, முடியைத் தோளில் விரித்துப் போட்டுக் கழுத்தை மறைத்துக்கொண்டாள். அலமாரி மேல் ஏறுவது நின்றது. பல்லி பற்றிய கேள்விகள் நின்றன. அம்மாவின் கை பக்கத்தில் வந்தால், சீப்பை எடுக்க வந்தால்கூட, தோள் தானாகச் சுருங்கியது. கறையக்கா அதைப் பார்த்தாள். வயசுக் கோளாறு என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். ஆனால் காலையில் அந்தக் கால் மணி நேரம் வரும்போதெல்லாம் கையில் சீப்போடு சும்மா நின்றாள்.

அந்த நேரத்தில்தான் வீட்டு வாஷிங் மிஷின் மோட்டார் புகைந்து படுத்துவிட்டது. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, வாரத் துணியை ஒரு மூட்டையாகக் கட்டிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டுத் துணியை அவள் என்றைக்கும் உற்றுப் பார்த்ததில்லை. நாளெல்லாம் பார்த்துச் சலித்த கண். வீட்டில் அள்ளி மிஷினுக்குள் திணிப்பதோடு சரி. காலையில் மூட்டையை ஓரமாக வைத்தாள். இஸ்திரிக்காரர் உதவி செய்கிறேன் பேர்வழி என்று அதைப் பிரித்து மற்றத் துணிகளோடு மேசையில் கொட்டிவிட்டார்.

முதல் வேலை சட்டை பிரிப்பது. சட்டையில் அவள் முதலில் பார்ப்பது காலர்தான். காலரைத் திருப்பி உள்பக்கம் பார்ப்பாள். அழுக்குக் கோடு இருந்தால் இடது கூடை, அதற்குத் தனியாக மருந்து தடவ வேண்டும். இல்லையென்றால் வலது கூடை. ஒரு சட்டைக்கு ஒரு நொடி. யார் சட்டை என்று பார்ப்பதில்லை. இடது, இடது, வலது, இடது, வலது, வலது.

ஒரு சின்ன வெள்ளைச் சட்டை. காலரைத் திருப்பினாள். ஒரு நாள் போட்ட வியர்வை, அவ்வளவுதான். கோடு இல்லை. சுத்தமாகக் குளிக்கிற குழந்தை என்று நினைத்து வலது கூடையில் போட்டாள். அடுத்ததும் அதே அளவு வெள்ளைச் சட்டை. காலர் சுத்தம். வலது. மூன்றாவது. காலர் சுத்தம். ஆனால் அதில் இரண்டாவது பட்டன் நீல நூலில் தைத்திருந்தது.

கை நின்றது. வெள்ளை நூல் தீர்ந்துபோய், போன வாரம் அவசரத்தில் அவளே நீல நூலில் தைத்த பட்டன் அது.

வலது கூடையைக் கவிழ்த்து மற்ற இரண்டையும் எடுத்தாள். ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். முகர்ந்தாள். வெள்ளைப் பஞ்சில் மருந்தைத் தொட்டு உள்காலரில் ஒற்றினாள். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. குவியலில் கிடந்த மற்ற இரண்டு பள்ளிச் சட்டைகளையும் தேடி எடுத்துப் பார்த்தாள். ஐந்து சட்டை. ஐந்து காலர். ஒன்றிலும் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

"என்னம்மா, பேயைப் பார்த்த மாதிரி நிக்கற?" என்றார் இஸ்திரிக்காரர்.

"அண்ணே, சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"கழுத்துல அழுக்கு இருந்தா காலர்ல வந்திருக்கணுமில்ல? வரல அண்ணே. ஒரு நாளும் வரல. அது அழுக்கே இல்ல." அவள் அழுதுவிட்டாள். "ஐயோ, நான் என் புள்ளையப் போட்டுத் தேய்ச்சேனே! கல்லு வெச்சுத் தேய்ச்சேனே அண்ணே!"

இஸ்திரிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு முதல்ல" என்றார்.

அழுகை அடங்கியதும் அவளுக்குள் பழைய ஆள் விழித்துக்கொண்டாள். அழுக்கு இல்லையென்றால் அது என்ன? வெயில் என்றால் முகத்திலும் கையிலும் அல்லவா முதலில் கறுத்திருக்க வேண்டும்? ஒரு பொருள் பட்ட கறை என்றால் ஒரு ஓரம் இருக்கும், பட்ட திசை இருக்கும். இது அப்படியில்லை. எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் மெல்ல மெல்லக் கறுத்து, மடிப்பு மடிப்பாக, வெல்வெட் துணி மாதிரி தடித்திருந்தது. அது மேலே விழுந்தது இல்லை. துணிக்கு உள்ளேயே சாயம் மாறுகிற கதை. இவ்வளவும் அவளுடைய விரலுக்கு ஒரு மாதமாகத் தெரியும். ரோஷம் தலைக்கேறியதில் மண்டைக்குப் போய்ச் சேரவில்லை.

சாயங்காலம் வாலு பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், கறையக்கா அவள் எதிரே, கை எட்டாத தூரத்தில், தரையில் உட்கார்ந்தாள்.

"வாலு, நான் இனிமே தேய்க்க மாட்டேன். சத்தியமா மாட்டேன். மூணே மூணு கேள்வி கேக்கறேன். சொல்றியா?"

வாலு சந்தேகமாகப் பார்த்தாள். "கடையில கேப்பியே, அதுவா?"

"அதுவேதான். என்ன பட்டுச்சு?"

"ஒண்ணும் படல. அதுவா வந்துச்சு. கைக்கு அடியிலயும் இருக்கு."

அக்குளிலா! அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. "எப்ப வந்துச்சு?"

"ரெண்டாவது படிக்கறப்ப கொஞ்சமா இருந்துச்சு. இப்ப நிறைய ஆயிடுச்சு."

"அதுக்கு நீ என்ன பண்ணின?"

வாலு தலையைக் குனிந்துகொண்டாள். ஜனங்கள் பொய் சொல்கிற கேள்வி அது. இவள் பொய் சொல்லவில்லை.

"ஸ்கூல் பாத்ரூம்ல ரப்பர் வெச்சு அழிச்சுப் பார்த்தேன். போகல. அப்புறம்... நேத்து உன் கடைப் பையில இருந்த சின்ன பாட்டிலை எடுத்துத் தடவினேன். எல்லாக் கறையும் போகும்னு நீதானம்மா சொன்ன?"

முடியை விலக்கிக் காட்டினாள். காதுக்குப் பின்னால், கழுத்தின் ஓரத்தில், ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் வெந்து நீர் கட்டியிருந்தது. கையுறை போடாமல் கறையக்காவே தொடாத மருந்து அது. குழாய்த் தண்ணீரில் காட்டச் சொல்லி, தண்ணீர் ஓட ஓட நின்றாள். தொடவில்லை. தொட்டுக் கழுவிவிட அனுமதி இல்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு குழந்தைகள் டாக்டரிடம் போனாள். டாக்டர் சின்ன வயதுப் பெண்மணி. முதலில் புண்ணைப் பார்த்து, மருந்து போட்டு, ஒரு மெல்லிய துணியை ஒட்டினார். அப்புறம் புண்ணை விட்டுவிட்டுக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் ஒன்றும் சொல்லாமலே கேட்டார்.

"அக்குள்லயும் இப்படி இருக்கா கண்ணா?"

வாலு அம்மாவைப் பார்த்தாள். கறையக்காவின் கண் விரிந்தது. அட, கறையைப் பார்த்தே கதை சொல்கிற நம்ம ஜாதி ஆள்!

"குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை உண்டா?"

"இவ தாத்தாவுக்கு இருந்துச்சு. அத்தைக்கு மாத்திரை ஓடுது. கழுத்துக்கும் சர்க்கரைக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?"

"சொல்றேன். முதல்ல ரத்தம் பார்த்துடலாம்."

வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நாலு நாள் கழித்து முடிவு வந்தது. அந்த நாலு நாளும் கறையக்கா கடையில் ஒரு துணியின் கதையும் சொல்லவில்லை. இஸ்திரிக்காரருக்கே போரடித்துவிட்டது.

"சர்க்கரை இன்னும் எல்லைக்குள்ளதான் இருக்கு. ஆனா இன்சுலின் ரொம்ப அதிகம்" என்றார் டாக்டர். "அம்மா, நாம சாப்பிடறது சர்க்கரையா மாறி ரத்தத்துல ஓடும். அது உடம்போட ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் போகணும்னா இன்சுலின் வந்து கதவைத் தட்டணும். உங்க பொண்ணுக்கு அந்தக் கதவு சட்டுனு திறக்கல. காது மந்தமானவங்க இருக்கற வீடுன்னு வெச்சுக்கோங்க. ஒரு ஆள் தட்டினது கேக்கலன்னா உடம்பு பத்து ஆளை அனுப்புது. கதவு திறந்துடுது. ஆனா தெருவுல எப்பவும் கூட்டம். அந்தக் கூட்டம் போற வழியில தோலையும் சீண்டுது. தோல் வளருது, தடிக்குது, கறுக்குது."

"அப்ப கழுத்துல மட்டும் ஏன் வரணும்? மூக்குல வரலையே?"

"மடிப்பு இருக்கற இடத்துலதான் அதிகமா வரும். கழுத்து, அக்குள், இடுப்பு. மத்தவங்களுக்கு ஒட்டாது, வலிக்காது."

"தேய்ச்சா?"

"தேய்ச்சாப் புண்ணாகும். போகாது." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "நிறையப் பேர் தேய்ச்சுட்டுத்தான் வராங்கம்மா. நீங்க மட்டும் இல்ல."

"அப்படியே விட்டுட்டா?"

"உடம்பு எத்தனை நாளைக்குப் பத்து ஆளை அனுப்பும்? ஒரு நாள் சலிச்சுப்போகும். அப்பதான் சர்க்கரை நோய். இப்ப கழுத்து நமக்கு முன்கூட்டியே சொல்லிடுச்சு. நல்ல காலம்."

செய்ய வேண்டியதையும் சொன்னார். இனிப்புப் பானம், பாக்கெட் ஜூஸ் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. தினமும் ஒரு மணி நேரம் ஓடி ஆட வேண்டும். நேரத்துக்குத் தூங்க வேண்டும். பட்டினி போடக்கூடாது, உடம்பைச் சொல்லித் திட்டக்கூடாது, திட்டினால் ஒரு கிராம்கூடக் குறையாது. இது குழந்தைக்கு மட்டும் தண்டனையாக இல்லாமல் வீட்டுக்கே வழக்கமாக இருக்க வேண்டும். மூன்று மாதத்தில் திரும்ப ரத்தம் பார்க்கலாம். உள்ளே கூட்டம் குறைந்தால் கறுப்பும் மெதுவாக மங்கலாம்; மாதக்கணக்கில் ஆகும்.

வாலு இவ்வளவையும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வாசல்வரை வந்தவள் திரும்பி டாக்டரிடம் கேட்டாள்.

"அப்ப நான் அழுக்கில்லையா?"

"இல்லவே இல்ல கண்ணா."

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது வாலு அம்மாவிடம் கேட்டாள். "அழுக்கில்லன்னா ஏம்மா அப்படித் தேய்ச்ச?"

ஊரில் உள்ள எல்லாரிடமும் கேள்வி கேட்டவள், சுற்றி நாலு பேர் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். "எனக்கு மானம் போச்சுன்னு தோணுச்சுடி. உன் கழுத்தைப் பார்க்கல, என் மானத்தைத்தான் பார்த்தேன். தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடு." பஸ் வந்தது, வாலு பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஆனால் முடி தோளில் விரிந்தேதான் இருந்தது.

டயரியில் சிவப்பு மைக்குக் கீழே கறையக்கா பதில் எழுதினாள்: "இது அழுக்கு அல்ல. டாக்டர் கடிதம் இணைத்துள்ளேன். நம்பிக்கை இல்லையென்றால் காலரைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளவும்." மறுநாள் டீச்சர் அதன் கீழே நீல மையில் ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: "மன்னிக்கவும்." டீச்சர் நல்ல மனுஷி, தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் ஜூஸ் பாக்கெட் நின்றது. வீட்டுக்காரர், பஸ்ஸில் உட்கார்ந்தே தொப்பை போட்ட மனிதர், வேலை விட்டு வந்ததும் மகளோடு பந்து விளையாட ஆரம்பித்தார். முதல் வாரம் மூச்சு வாங்கி, "எனக்குத்தான்டி டாக்டர் வேணும்" என்று படியில் சாய்ந்தார். வாலு சிரித்தாள். அலமாரி மேல் மறுபடி ஏறினாள். "அம்மா, இன்சுலின் என்ன நிறம்?" என்று கேட்டாள். எல்லாம் திரும்பியது, ஒன்றைத் தவிர. காலையில் கறையக்கா சீப்பை எடுத்து மேசைமேல் வைப்பாள், கூப்பிட மாட்டாள். வாலு சீப்பைப் பார்ப்பாள், எடுத்துத் தானே சீவிக்கொண்டு போவாள். தேய்த்துக் கெடுத்த நூலை யார் சரிசெய்ய முடியும் என்று கறையக்கா தினமும் நினைத்தாள். தினமும் சீப்பை வைத்தாள்.

மூன்றாம் மாதம் ஒரு சாயங்காலம் நாத்தனார் ஸ்கார்ஃப் பையோடு வந்தார். கதவைத் திறந்த வாலுவைப் பார்த்ததும், டாக்டர் சொன்னது எதுவும் தெரியாமல், வழக்கம்போல ஆரம்பித்தார்.

"என்னடி, முடியைப் போட்டு மறைச்சுட்டா அழுக்கு போயிடுமா?"

கறையக்காவுக்குச் சுருக்கென்று கோபம் நாக்குவரை வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று பையைப் பிடுங்குகிற மாதிரி வாங்கினாள். மேலே இருந்த ஸ்கார்ஃப் விரிந்தது. கழுத்துப் படுகிற இடத்தில் பாளம் பாளமாகப் பவுடர். எத்தனை வருஷமாக அவள் எடுத்துக் கொடுக்கிற பவுடர்! மேக்கப் என்றால் கன்னம் உரசுகிற விளிம்பில் அல்லவா இருக்க வேண்டும்? இது பின்கழுத்தில் மட்டும் இருந்தது. சர்க்கரைக்கு மாத்திரை ஓடுகிற அத்தை.

கோபம் இறங்கிவிட்டது. சொந்தக்காரர்களிடம் கேட்காத கேள்வியை அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, உங்களுக்கு எப்ப வந்துச்சு?"

நாத்தனாரின் கை கழுத்துக்குப் போனது. முதலில் முறைத்தார். அப்புறம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எட்டு வயசுல. எங்கம்மா செங்கல் பொடி வெச்சுத் தேய்ப்பாங்க. ஸ்கூல்ல எவளும் என் பக்கத்துல உக்கார மாட்டா." குரல் அவருடைய குரல் மாதிரியே இல்லை. "இன்னைக்கும் தினமும் தேய்க்கறேன். போக மாட்டேங்குது. நான் சுத்தமாத்தான் இருக்கேன்மா. யாருமே நம்ப மாட்டாங்க."

வாலு மெதுவாக வந்து அத்தையின் பின்னால் நின்றாள். ஸ்கார்ஃபின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"எனக்கு இருக்கற மாதிரியே இருக்கு அத்தை. தேய்க்காதீங்க. இது அழுக்கில்ல."

அந்த அம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. திரும்பி, பத்து வயதுக் குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "நிஜமாவாடி?"

"நிஜமா. வலிக்காது, ஒட்டாது. தொடலாம். இருங்க, காட்டறேன்."

வாலு அம்மாவின் முன்னால் வந்து, முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"அம்மா, நீ தொட்டுக் காட்டு."

கறையக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு விரல் நுனியை மகளின் கழுத்தில், தேய்க்காமல், ஒற்றி வைத்தாள். குழந்தையின் தோள் சுருங்கவில்லை.